ஆதிமூலத்தின் சிறுநீரகம்

அடி அண்ணாமலை ஆதிமூலத்துக்குச் சிறுநீரகத்தில் கோளாறு என்ற செய்தி ஆவணி மாதம் ஊருக்குள் வந்தது. கொண்டுவந்தவள் மணிமொழி. கீழ்பென்னாத்தூர்க்காரி; சென்னையில் ஒரு பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்காக ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். பட்டம் வர இன்னும் நாளிருந்தது. ஆனாலும் அடி அண்ணாமலையில் அவளை டாக்டரம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். சிலர் அவளைப் பார்த்ததும் நாக்கை நீட்டிக் காட்டினார்கள். மறுத்து மறுத்து அலுத்துப்போய் அவளும் பார்த்துவைத்தாள்.

அவளுடைய ஆராய்ச்சி சிறுநீரைப் பற்றியது. வெயிலில் பாடுபடும் விவசாயிகள் சிலருக்குக் காரணமே தெரியாமல் சிறுநீரகம் கெட்டுப்போகிறது. சர்க்கரையும் இருக்காது, ரத்தக் கொதிப்பும் இருக்காது. கால் வீங்கி ஆஸ்பத்திரிக்கு வரும்போது பாதிக்கு மேல் போயிருக்கும். அதற்கு முன்பே, சிறுநீரில் கசிகிற புரதங்களைப் பார்த்துக் கண்டுபிடித்துவிட முடியுமா என்பதுதான் கேள்வி. இதற்கென்று மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் என்றொரு கருவி இருக்கிறது. புரதங்களைத் துண்டு துண்டாக வெட்டி உள்ளே அனுப்பினால், ஒவ்வொரு துண்டையும் எடை போட்டு, இது இன்ன புரதத்தின் துண்டு என்று சொல்லிவிடும். கோடிக்கணக்கில் விலை. அதற்குத் தனி அறை, தனி ஏசி. மணிமொழியின் விடுதி அறையில் மின்விசிறியே ஒழுங்காகச் சுற்றாது.

விவசாயி என்றால் ஆண் என்று அவளுடைய பேராசிரியர் அறிவுச்செல்வன் ஆராய்ச்சி தொடங்கும்போதே முடிவு செய்திருந்தார். நாற்று நடுவதும் களை எடுப்பதும் கடலைக்கொடி பிடுங்குவதும் பெண்கள் என்பது அடி அண்ணாமலையில் ஆடு மாடுகளுக்குக்கூடத் தெரியும். ஆனால் பட்டா ஆண்கள் பேரில் இருந்தது. ஆராய்ச்சிக்கு அது போதுமானதாக இருந்தது. ஆகவே வைகாசியில் ஒரு சாயங்காலம் மணிமொழி வீடு வீடாகப் போய், வீட்டு ஆம்பிளை காலையில் எழுந்ததும் போகிற முதல் சிறுநீரை இதில் பிடித்து வையுங்கள் என்று பாட்டில்களைக் கொடுத்துவிட்டு வந்தாள். விடிந்ததும் போனால் எல்லா வீட்டு வாசலிலும் பாட்டில் தயாராக இருந்தது. ஒருவர்கூட மறக்கவில்லை, ஒருவர்கூட சாக்குச் சொல்லவில்லை. ஆண்கள் இவ்வளவு பொறுப்பாக இருக்கும் ஊரைத் தான் பார்த்ததே இல்லை என்று பேராசிரியர் பாராட்டினார்.

ஆதிமூலத்தின் பாட்டிலில் கசிவு தெரிந்தது. நல்ல சிறுநீரகம் வெளியே விடாமல் திரும்ப உறிஞ்சிக்கொள்ள வேண்டிய சின்னச் சின்னப் புரதங்கள் அதில் ஏராளமாகக் கிடந்தன. மணிமொழி நேரில் வந்து சொன்னாள்.

"ஆரம்பம்தான் பெரியப்பா, பயப்படாதீங்க. கவர்மெண்ட் ஆஸ்பத்திரில ஒரு ரத்த டெஸ்ட் மட்டும் எடுத்துடுங்க."

ஆதிமூலம் ரத்த டெஸ்ட்டைத் தவிர மற்ற எல்லாவற்றையும் செய்தார். ஊசி என்றால் அவருக்குச் சின்ன வயசிலிருந்தே ஆகாது. "மெட்ராஸ் மெஷினே சொல்லிட்ச்சி. அதுக்கு மேல இன்னா டெஸ்ட்டு?" என்று முடித்துவிட்டார். மின்விசிறிக்கு நேர் கீழே கட்டிலை இழுத்துப் போட்டுப் படுத்தார். உறவுக்காரர்கள் சாத்துக்குடியும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு வந்து பார்த்தார்கள். தன் சிறுநீரகத்தைப் பற்றிப் பேசப் பேச அவருக்கே அதன்மேல் ஒரு மரியாதை வந்துவிட்டது. கழனி வேலை முழுக்க அவர் மனைவி ரேணுகாம்பாள் தலையில் விழுந்தது. முன்பும் முக்கால்வாசி அவள் தலையில்தான் இருந்தது என்பதால் ஊருக்கு அது பெரிதாகத் தெரியவில்லை.

மார்கழியில் மணிமொழி ஆய்வேட்டை எழுத உட்கார்ந்தாள். எல்லாப் பாட்டில்களின் முடிவுகளையும் மறுபடி புரட்டிக்கொண்டிருந்தபோது ஒன்று உறைத்தது. ஆண்களுக்கு மட்டுமே உள்ள புராஸ்டேட் சுரப்பியிலிருந்து வருகிற புரதம் ஒன்று உண்டு. ஆண்களின் சிறுநீரில் அது தாராளமாகக் கிடக்கும். பெண்களிடம் வலைபோட்டுத் தேடினாலும் கிடைப்பது அபூர்வம். அடி அண்ணாமலை ஆண்கள் பலரிடம் அது இல்லை. ஆதிமூலத்திடம் சுத்தமாக இல்லை.

கருவி பழுதோ என்று முதலில் நினைத்தாள். மிச்சம் வைத்திருந்த சிறுநீரை மறுபடி ஓட்டிப் பார்த்தாள். கருவி சொன்னதையே சொன்னது. மகளைக் கட்டிக்கொடுத்த பிறகு ஆதிமூலம் வீட்டில் இருப்பது இரண்டே பேர். மணிமொழி முடிவுகளை எடுத்துக்கொண்டு பேராசிரியரிடம் ஓடினாள்.

பேராசிரியர் அறிவுச்செல்வன் பதற்றப்படுகிறவர் இல்லை. "அந்தப் பாட்டில்களை எல்லாம் கணக்கிலேர்ந்து எடுத்துடு. இதையெல்லாம் எழுதிக்கிட்டிருந்தா மொத்த டேட்டாவையும் சந்தேகப்படுவாங்க" என்றார்.

"சார், ஒரு அம்மாவோட கிட்னி கெட்டுக்கினு இருக்கு. அவங்களுக்குத் தெரியாது."

"அந்தம்மா நம்ம ஸ்டடியிலயே இல்லையேம்மா" என்றார் பேராசிரியர். அதில் பொய் எதுவும் இல்லை.

மறுநாள் அவள் பஸ் ஏறினாள். அன்று பௌர்ணமி. கிரிவலக் கூட்டத்துக்காகப் பஸ்களை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள். சனங்களோடு சனமாக நடந்து அடி அண்ணாமலை போய்ச் சேர்ந்தபோது ரேணுகாம்பாள் வாசலில் உட்கார்ந்து காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். பாதம் இரண்டும் உப்பியிருந்தன. மெட்டி விரலுக்குள் புதைந்துபோயிருந்தது.

"வாம்மா டாக்டரம்மா. இன்னா இந்தக் கூட்டத்துல வந்துக்கினு? நானும் கெளம்பப் போறேன்."

"எங்க பெரியம்மா?"

"மலை சுத்தத்தான். இவுருக்கு ஒடம்பு இப்பிடி ஆனதுலேர்ந்து மாசா மாசம் வெறுங்கால்ல சுத்தறேன். இவுரு கிட்னி நல்லாவணும்னு வேண்டிக்கினு இருக்கேன். முட்டிதான் விண்விண்ணுனு வலிக்குது. மெடிக்கல்ல மாத்திரை வாங்கி தெனம் போட்டுக்கறேன், கொஞ்சம் கம்மியாவுது."

அந்த மாத்திரை எது என்று மணிமொழி வாங்கிப் பார்த்தாள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் தொடவே கூடாத மாத்திரை. உள்ளே, ஆதிமூலத்துக்காக உப்பில்லாமல் வைத்த குழம்பு அடுப்புப் பக்கம் மூடியிருந்தது. பக்கத்தில் ரேணுகாம்பாளுக்கான கருவாட்டுக் குழம்பு. ஒரே ஒரு பாட்டில், இந்த வீட்டில் எல்லாவற்றையும் தலைகீழாக மாற்றி வைத்திருந்தது.

"பெரியம்மா, வைகாசில நான் பாட்டில் குடுத்தனே. அதுல யாரு சிறுநீரு?"

"அது எங்களுதுதான்."

"எங்களுதுன்னா?"

ரேணுகாம்பாள் கட்டில் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "இவுரு முந்தின நாளு கல்யாணத்துக்குப் போய்ட்டு லேட்டா வந்து தூங்கிக்கினு இருந்தாரு. எழுப்புனா கத்துவாரு. நீ விடிகாலைல வந்து நிப்பே. அதான் நானே புடிச்சி வெச்சிட்டேன். ரேசன் கடைல இவுருக்கு பதிலா நான் கைரேகை வெச்சா ஒத்துக்கறாங்க. இவுருக்கு பதிலா மலை சுத்துனா சாமி ஒத்துக்குது. இதுக்கு மட்டும் இன்னா? நம்ம தெருவுல பாதிப்பேரு அப்பிடித்தான் குடுத்தாங்க."

மணிமொழிக்குச் சிரிப்பும் கோபமும் சேர்ந்து வந்தன. யார் மேல் கோபப்படுவது என்று தெரியாததால் கடைசியில் அழுகைதான் வந்தது. அடக்கிக்கொண்டு, சுற்றி வளைக்காமல் சொன்னாள்.

"பெரியப்பாவுக்கு கிட்னில கோளாறுனு நான் சொன்னது தப்பு. கோளாறு உங்களுக்கு. அந்த மாத்திரைய இனிமே தொடாதீங்க. நாளைக்கே ஆஸ்பத்திரி போவணும்."

ரேணுகாம்பாள் தைலப் பாட்டிலைக் கீழே வைத்தாள். பிறகு முகம் மெல்ல மலர்ந்தது.

"அப்ப இவுருக்கு ஒண்ணும் இல்லியா?"

"பெரியம்மா, நான் சொல்றது புரியுதா உங்களுக்கு?"

"புரியுது, புரியுது. இவுருக்கு ஒண்ணும் இல்ல." மலை இருக்கும் திசையைப் பார்த்து இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டாள். "அண்ணாமலையாரு கைவிடல."

சத்தம் கேட்டு ஆதிமூலம் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார். விஷயத்தைச் சொன்னதும் முதலில் நம்பவில்லை. மெட்ராஸ் மெஷின் பொய் சொல்லுமா என்று கேட்டார். மெஷின் உண்மையைத்தான் சொன்னது, பாட்டில்தான் பொய் சொன்னது என்று மணிமொழி விளக்கினாள். நாலு மாதமாகக் கட்டிக்காத்த நோய் கையைவிட்டுப் போனதில் அவருக்கு வருத்தம் இருந்தது. முகத்தில் அப்படியே தெரிந்தது. பிறகு, "அப்ப கொழம்புல உப்பு போட்டுக்கலாமா?" என்று கேட்டார்.

ரேணுகாம்பாள் உடனே உப்பு ஜாடியை எடுக்க எழுந்தாள். மணிமொழி வாழ்க்கையில் முதன்முறையாகப் பெரியவர்கள் இருக்கும் வீட்டில் கத்தினாள். "உக்காருங்க பெரியம்மா! அவுரே போட்டுக்குவாரு." ஆதிமூலத்துக்கு உப்பு ஜாடி எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. அதனால் அன்றும் அவர் உப்பில்லாமலே சாப்பிட்டார். மணிமொழி அன்று இரவு அந்த வீட்டிலேயே தங்கிவிட்டாள். ரேணுகாம்பாள் எங்கே மலை சுற்றக் கிளம்பிவிடுவாளோ என்று வாசல்படியை ஒட்டிப் பாய் போட்டுப் படுத்தாள்.

காலையில் ரேணுகாம்பாளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். ஆதிமூலமும் சலவை வேட்டி கட்டிக்கொண்டு கூடவே வந்தார். ரத்தம் எடுத்து, முடிவு வரும்வரை வெளியே காத்திருந்து, டாக்டர் கூப்பிட்டதும் உள்ளே போனார்கள். நோயாளி உட்காரும் ஸ்டூலில் ஆதிமூலம் போய் உட்கார்ந்தார். பழக்கதோஷம்தான், வேறொன்றும் இல்லை. ரேணுகாம்பாள் அவருக்குப் பின்னால் புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு நின்றாள்.

"பெரியப்பா, எழுந்திரிங்க" என்றாள் மணிமொழி.

அவர் எழுந்தார். ரேணுகாம்பாள் உட்கார மாட்டேன் என்றாள். மணிமொழி தோளைப் பிடித்து உட்காரவைத்தாள். டாக்டர் ரத்த முடிவைப் படித்தார். சிறுநீரகம் பழுதாகியிருக்கிறது, ஆனால் இப்போதே கவனித்தால் மிச்சத்தைக் காப்பாற்றிவிடலாம் என்றார். வலி மாத்திரை கூடாது, உப்பு குறைய வேண்டும், நண்பகல் வெயிலில் வேலை கூடாது. ஒவ்வொன்றுக்கும் ரேணுகாம்பாள் தலையாட்டினாள். எதையும் தனக்குச் சொன்னதாக எடுத்துக்கொண்ட மாதிரி தெரியவில்லை.

டாக்டர் குனிந்து அவளுடைய பாதத்தில் விரலால் அழுத்தினார். விழுந்த குழி அப்படியே நின்றது.

"கால் வீக்கம் எப்பலேர்ந்து இருக்கு?"

வாயைத் திறந்தவர் ஆதிமூலம். வீட்டு விஷயத்தில் வெளி ஆட்கள் எதைக் கேட்டாலும் பதில் சொல்வது அவர் பொறுப்பு. ஆனால் திறந்த வாய் அப்படியே நின்றது. மனைவியின் பாதத்தைப் பார்த்தார். டாக்டரைப் பார்த்தார். மறுபடி பாதத்தைப் பார்த்தார். மனுஷன் தவிக்கிறார் என்பது மணிமொழிக்கே தெரிந்தது.

ரேணுகாம்பாளுக்கும் தெரிந்தது. ஸ்டூலில் இருந்தபடியே அவர் பக்கம் லேசாகச் சாய்ந்து, "ஆடிலேர்ந்துனு சொல்லுங்க" என்றாள் மெதுவாக.

"ஆடிலேர்ந்துங்க" என்றார் ஆதிமூலம்.