நாலு மடங்கு சத்து

சண்முகவேல் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியோடு ஒடிசா வரை போய் வந்தவர். ராசிபுரத்து வீட்டுக்கு வரும்போதெல்லாம் அவருக்குச் சமைத்துப் போடவே மனைவி கமலவேணிக்கு நாள் போதாது. அப்படிப்பட்டவர் பக்கவாதம் வந்து படுத்தார். வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. பேச்சு போயிற்று. விழுங்கினால் புரையேறுகிறது என்று சேலத்து ஆஸ்பத்திரியில் மூக்கு வழியாகக் குழாய் வைத்து அனுப்பினார்கள். உணவு ஆலோசகர் ஷாஹீன் ஒரு நாளைக்கு ஆயிரத்து அறுநூறு கலோரி என்று கணக்குப் போட்டு, கடையில் வாங்கிய சத்துப் பவுடரை வேளைக்கு ஆறு கரண்டி கரைத்து ஊற்றச் சொன்னாள்.

கமலவேணி அதைத் தவறாமல் செய்தாள். மூக்குக் குழாயில் பொருத்திய ஊசிக் குழலில் கரைத்த பாலை நிரப்பிக் கையை உயர்த்திப் பிடித்தால் அது தானாக இறங்கும். இறங்கும் வரை அவரோடு பேசிக்கொண்டிருப்பாள்.

மகன் யோகேஷ் மெல்போர்னில் வேலைக்குச் சேர்ந்து ஓராண்டுகூட ஆகவில்லை. விடுப்புக் கிடைக்கவில்லை. வர முடியாத வருத்தம் அவனைப் போட்டு வாட்டியது. ஊருக்கு வந்த நண்பர் ஒருவரின் பெட்டியில் அங்கத்துச் சத்துப் பவுடர் டின்களை அடுக்கிக் கொடுத்தனுப்பினான். அவை வந்து சேர்ந்த அன்று வீடியோவில் பேசினான்.

"பழைய டின்னுல பின்னாடி ஒரு அட்டவணை இருக்கும், காட்டுங்கம்மா. நூறு கிராமுக்கு எனர்ஜின்னு எவ்வளவு போட்டிருக்குது?"

"நானூத்தி முப்பதுன்னு இருக்குது சாமி."

"புது டின்னுல ஆயிரத்து எண்ணூறு. பாத்தீங்களா? நாலு மடங்குக்கும் மேல. அப்ப ஆறு கரண்டிக்கு ஒன்றரைக் கரண்டியே போதும்."

"டின்னு மேல நெறையக் கரண்டி போட்டிருக்குதே."

"அது நல்லா நடமாடறவங்களுக்கா இருக்கும். அப்பாவுக்கு அவ்வளவு ஊத்துனா சக்கரை ஏறிப்போகும். டாக்டர் சொன்ன கலோரிக்கு மேல போகக்கூடாது."

அந்த ஆயிரத்து எண்ணூறின் பக்கத்தில் சிறிய எழுத்தில் கே.ஜே என்று இருந்தது. அவள் அதைப் பார்க்கவில்லை. அவன் பார்த்தும் மனதில் ஏற்றிக்கொள்ளவில்லை.

மறுநாளிலிருந்து ஒன்றரைக் கரண்டி. பால் நீர்த்து, கழுநீர் மாதிரி இருந்தது. கமலவேணிக்கு முதலில் மனசு ஒப்பவில்லை. ஆனால் வெளிநாட்டுச் சரக்கு, படித்த பிள்ளை போட்ட கணக்கு. பார்க்க வந்த கொழுந்தன் தனசேகரும், "ஒரு டின்னே இத்தன நாளைக்கு வருதுங்களா அண்ணி, நல்ல பவுடருங்க" என்றான்.

சில நாட்களில் சண்முகவேல் இடது கையைத் தூக்கி வயிற்றின் மேல் வைக்க ஆரம்பித்தார். பால் இறங்கி முடிந்ததும் வைப்பார். அவள் குழலைக் கழுவ எழுந்தால் முந்தானையைப் பிடித்துக்கொள்வார். பிறகு மறுபடியும் கை வயிற்றுக்குப் போகும்.

"வயிறு வலிக்குதுங்களா?"

அவர் தலையை அசைப்பார். ஆமாமா இல்லையா என்று அவளுக்குப் புரியாது. வாயுவாக இருக்கும் என்று மருந்துக் கடைக்காரர் ஒரு மருந்து கொடுத்தார். அதைக் கொடுத்த அன்று, வயிற்றுக்குக் கொஞ்சம் ஓய்வு தரலாமென்று ஒரு வேளைப் பாலை நிறுத்தினாள். அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். கண்ணோரம் நனைந்திருந்தது. வலியில் அழுகிறார் என்று நினைத்துத் தைலம் தேய்த்துவிட்டாள்.

ஆள் இளைத்துக்கொண்டே வந்தார். விலா எலும்பு தெரிந்தது. வாதம் வந்த உடம்பு அப்படித்தான் வற்றும் என்று பார்க்க வந்த எல்லோரும் சொன்னார்கள். இடுப்பில் படுக்கைப் புண் வந்தது. புண் ஆறவில்லை. காய்ச்சல் கண்டபோது தனசேகர் கார் பிடித்துச் சேலத்துக்குக் கூட்டிப்போனான்.

வார்டில் ஷாஹீன் போர்வையை விலக்கி அவர் விலாவைப் பார்த்தாள்.

"என்னம்மா குடுக்கறீங்க?"

கமலவேணி பையிலிருந்து டின்னை எடுத்து நீட்டினாள். "மகன் ஆஸ்திரேலியாவுல இருந்து அனுப்புனதுங்க. நாலு மடங்கு சத்து. ஒன்றரைக் கரண்டி ஊத்தறனுங்க."

ஷாஹீன் டின்னைத் திருப்பி அட்டவணையைப் படித்தாள். கமலவேணியை நாற்காலியில் உட்கார வைத்து, தானும் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அம்மா, இது கலோரி இல்ல. கிலோஜூல். அந்த ஊர்ல சாப்பாட்டுச் சத்தை அதுலதான் எழுதுவாங்க. ஒரு கலோரின்னா நாலுக்குக் கொஞ்சம் மேல கிலோஜூல். இந்த ஆயிரத்து எண்ணூறை அதால வகுத்தா நானூத்தி முப்பதுதான் வரும்."

"அப்படின்னா?"

"நீங்க முன்னாடி குடுத்த பவுடரும் இதுவும் ஒரே சத்துதாம்மா. அளவு எழுதற விதம்தான் வேற. அவருக்கு வேண்டியதுல கால் பங்குதான் போயிருக்கு."

கமலவேணி படுக்கையைத் திரும்பிப் பார்த்தாள். அவர் கண் மூடியிருந்தார். கை போர்வைக்கு வெளியே, வயிற்றின் மேல் கிடந்தது.

"பசிச்சிருக்குது," என்றாள். "பசின்னு சொல்லியிருக்காரு. நான் மருந்து குடுத்துப்போட்டேன்."

ஷாஹீன் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இப்ப நெறைய ஊத்திரலாமுங்களா?"

"முடியாதும்மா. பட்டினி கிடந்த உடம்புக்கு ஒரேயடியா குடுத்தா இதயம் தாங்காது. கொஞ்சம் கொஞ்சமாத்தான் ஏத்தணும்."

கமலவேணியின் கண் முன்னாலேயே மறுபடியும் கொஞ்சமாகத்தான் ஊற்றினார்கள். புண்ணின் சீழ் ரத்தத்தில் கலந்துவிட்டது என்று டாக்டர் சொன்னார். செய்தி கேட்டு யோகேஷ் விமானம் ஏறியிருந்தபோது, ஒரு காலை வேளையில் சண்முகவேல் இறந்தார்.

அதற்கு முன்பே கமலவேணி ஷாஹீனிடம் கேட்டுக்கொண்டிருந்தாள். "எம் பையங்கிட்ட இதச் சொல்ல வேண்டாமுங்க. அவன் தாங்க மாட்டான்."

தானும் சொல்வதாக இல்லை. காரியம் முடியும் வரை வந்தவர்களெல்லாம், பிள்ளை அங்கிருந்தே சத்தான ஆகாரம் அனுப்பினான், அவனால் ஆனதைச் செய்தான் என்று பேசினார்கள். அவள் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மிச்ச டின்களைப் பரணில் போட்டுவிட்டாள். எல்லோரும் போன பிறகு தூக்கி எறிந்துவிடலாம் என்று இருந்தாள்.

காரியம் முடிந்த மறுநாள் பரண் காலியாக இருந்தது. யோகேஷிடம் கேட்டாள்.

"டின்னெல்லாம் எங்க சாமி?"

"என்கூடப் படிச்ச தமிழரசுகிட்ட நேத்துக் குடுத்துட்டனுங்கம்மா. அவங்கம்மா பொன்னாயிக்குத் தொண்டையில புத்துநோய். அவங்களுக்கும் குழாய்லதான் ஊத்தறாங்களாம். வீணாப் போக வேண்டாம்னு குடுத்தேன்."

"அளவு சொன்னியா?"

"சொன்னேன். ஒன்றரைக் கரண்டி போதும்னு."

கமலவேணி அவன் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"போன் போடு. உடனே போடு. ஆறு கரண்டின்னு சொல்லு."

"ஏம்மா? நாலு மடங்கு..."

"இல்ல சாமி. ரெண்டும் ஒண்ணுதான். இதுல போட்டிருக்கறது வேற அளவாம். வகுக்கோணுமாம். ஆஸ்பத்திரியில சொன்னாங்க."

யோகேஷ் அவள் முகத்தையே பார்த்தான். பிறகு போனை எடுத்தான். வீடியோவில் பேசியபோது பிடித்து வைத்த பழைய டின்னின் படம் அதில் இருந்தது. புது டின்னின் படமும் இருந்தது. விரலால் பெரிதாக்கிப் பார்த்தான். அவன் உதடு எதையோ கணக்குப் போட்டது. போன் நழுவிக் கீழே விழுந்தது. அவள் எடுத்துக் கொடுத்தாள்.

"மொதல்ல தமிழரசுக்குப் போடு," என்றாள்.

போட்டான். "தமிழு, அளவு தப்பா சொல்லிட்டேண்டா. ஆறு கரண்டி போடு. டாக்டர்கிட்டயும் காட்டிரு." குரல் ஒழுங்காகத்தான் வந்தது. போனை வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தான்.

"ஏம்மா சொல்லல?"

"சொல்லி என்ன ஆவுது?"

"நாந்தானே..."

"கணக்குப் போட்டது நீயி. ஊத்துனது நானு. பக்கத்துலயே உக்காந்திருந்ததும் நாந்தான். எனக்கே தெரியல."

அவன் அழுதான். அவள் அவனைத் தேற்றவில்லை. அதற்கு அவளிடம் ஒன்றும் மிச்சமில்லை. பக்கத்தில் உட்கார்ந்து அவன் முதுகில் கையை வைத்துக்கொண்டாள்.

சாயங்காலம் இருவரும் தமிழரசு வீட்டுக்குப் போனார்கள். பொன்னாயி தலையணையில் சாய்ந்திருந்தாள். தமிழரசு ஆறு கரண்டி அளந்து போட்டுக் கரைக்க, கமலவேணி ஊசிக் குழலை வாங்கித் தானே உயர்த்திப் பிடித்தாள். கெட்டியான பால் மெதுவாக இறங்கியது. யோகேஷ் கதவருகே நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். பாதி இறங்கியதும் வெளியே போய்விட்டான்.