கதவடியில் இரண்டு விரல் இடைவெளி

1

இந்தக் கதை ஓர் அலமாரியிலிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடைவழியில், படுக்கையறைக்கும் எழுதும் அறைக்கும் நடுவே, ஆள் உயரத்துக்கு ஒரு மர அலமாரி. ஒரு காலத்தில் அதில் போர்வைகளும் பயணப் பெட்டிகளும் இருந்தன. பிறகு இயந்திரங்கள் வந்தன. இயந்திரம் வந்தால் சூடு வரும், சூட்டைப் போக்க விசிறி வரும், விசிறி வந்தால் சத்தம் வரும். சத்தமில்லாமல் ஓர் அலமாரியைக் குளிர வைப்பது எப்படி என்று ஒரு மனிதர் நான்கு மாதம் யோசித்தார். கதை அவ்வளவுதான்.

[அவ்வளவுதான் என்று எழுதிவிட்டு அரை நாள் எழுந்து போய்விட்டேன்.]

நான் இருபத்திரண்டு குடும்ப நாவல்கள் எழுதியவள். அவற்றில் யார் என்ன தப்பு செய்தாலும் இருபத்தெட்டாவது அத்தியாயத்துக்குள் மன்னிப்புக் கிடைத்துவிடும். இந்தக் கதைக்கு அத்தனை அத்தியாயம் கிடையாது. இதில் வரும் மனைவியை "அவள்" என்றே எழுதப்போகிறேன். தாக்குப்பிடிக்கும்வரை.

2

முதல் தொடக்கம்: "மழை பெய்துகொண்டிருந்த ஒரு மாலையில் அந்தத் தம்பதி..."

[மழை பெய்யவில்லை. என் நாவல்களில்தான் எதற்கெடுத்தாலும் மழை.]

இரண்டாவது தொடக்கம்: "குரலை இழந்த ஒரு மனிதர்..."

[இழந்த என்றால் எங்கோ வைத்துவிட்டு மறந்தது போல இருக்கிறது. வெட்டி எடுத்தார்கள்.]

மூன்றாவது, நேராக. அவர் இயற்பியல் வாத்தியார். முப்பத்தொரு வருஷம் கரும்பலகைக்கு முன்னால் நின்று பேசியவர். தொண்டையில் கட்டி வந்தது. குரல்வளையை எடுத்தாக வேண்டும் என்று மருத்துவர் சொன்னபோது மூன்று வார அவகாசம் இருந்தது. அந்த மூன்று வாரமும் மனைவி வாக்கியங்களை எழுதிக் கொடுக்க, அவர் பேசிப் பதிவு செய்தார். மொத்தம் அறுநூற்று நாற்பது வாக்கியங்கள். கைபேசியில் எண்ணை அழுத்தினால் நடைவழி ஒலிபெருக்கியில் அவர் குரல் வரும். வெளியூரில் இருந்தால் கைபேசியிலேயே வரும். வாக்கியங்கள் எல்லாம் அலமாரிக்குள் ஒரு சேமிப்பு இயந்திரத்தில் இருந்தன. ஒன்று கெட்டால் இன்னொன்று இருக்கட்டும் என்று அதில் இரண்டு ஹார்ட் டிஸ்க். இரண்டும் ஒரே அலமாரியில், ஒன்றின்மேல் ஒன்றாக.

அறுவை சிகிச்சை முடிந்து வந்தபின் அவர் அப்படித்தான் பேசினார். பதினான்கு: "கேட்டைப் பூட்டினியா?" இருநூற்று ஒன்று: "உப்பு கம்மி." ஐம்பத்திரண்டு: "சரி, நான்தான் தப்பு, விடு." ஐம்பத்து மூன்று: "நீதான் தப்பு. ஆனா விடு, பரவால்ல." ஐம்பத்து மூன்றை அவர் அதிகம் பயன்படுத்தினார். சில நாள் காலையில் அவள் எழுந்து வந்ததுமே, எந்தக் காரணமும் இல்லாமல், அதை அழுத்துவார்.

"இன்னும் நான் எதுவுமே பண்ணலையே."

அதற்கு ஒரு எண் உண்டு. தொண்ணூறு: "பண்ணுவ."

கடைசி வாக்கியம், அறுநூற்று நாற்பது, எழுதிக் கொடுத்ததல்ல. பதிவில் சத்தம் விழக் கூடாதென்று அறையில் விசிறியை நிறுத்தி, கதவு, ஜன்னல் எல்லாம் சாத்தியிருந்தார்கள். கடைசி நாள் வியர்த்து வழிந்து, ஒலிவாங்கியை அணைக்க மறந்து, அவர் சொன்னது: "ஏய், இங்க வேகுது. கதவத் திற."

3

அலமாரிக்கு வேலை செய்ய வந்த ஒயர்மேனை எனக்குப் பிடிக்கும். எந்தக் கதையிலும் போடலாம்.

"சார், சின்னதா ஒரு எக்ஸாஸ்ட் மாட்டினா அரை மணி நேர வேலை. இவ்ளோ பெரிய குழா எதுக்கு?"

வாத்தியார் சிலேட்டில் எழுதினார்: சத்தம்.

"ஃபேனுன்னா சத்தம் போடத்தான் செய்யும். அதுக்கும் வாய் இருக்குல்ல." சொன்னபிறகு நாக்கைக் கடித்துக்கொண்டான். வாத்தியார் தோள் குலுங்கச் சிரித்தார். சத்தமில்லாமல்தான்.

பிறகு எழுதினார்: என் மனைவி பக்கத்து ரூமில் எழுதுகிறாள்.

ஒயர்மேன் என்னைத் திரும்பிப் பார்த்தான். "ஏங்கா, எழுதறதுக்குக் கைதான வேணும். காது எதுக்கு?"

[என்னை. பார்த்தீர்களா, மூன்றாம் பகுதியைக்கூடத் தாண்டவில்லை. சரி, இனி நான்தான்.]

சூடான காற்று மேலே போகும், ஆகவே வெளியேறும் வழி மேலே. பெரிய விசிறி, மெதுவாகச் சுற்றுவது. சின்ன விசிறி வேகமாகச் சுற்றித்தான் கத்துகிறது என்றார். அதையும் அலமாரியில் மாட்டாமல், பரணின் கோடியில், வளைந்து போகும் குழாயின் நுனியில் வைத்தார். குழாயின் உள்சுவரில் பஞ்சு மெத்தை ஒட்டினார், இயந்திரத்துக்கு அடியில் ரப்பர் வில்லைகள். காற்று உள்ளே வரக் கதவின் அடியில் இரண்டு விரல் அகலத்துக்கு அறுத்து எடுத்தார். அந்த இடைவெளியை என்னிடம் காட்டிச் சிலேட்டில் எழுதினார்: இதுதான் மூக்கு. இதை மட்டும் மூடக் கூடாது.

ஆகவே எனக்குத் தெரியாது என்று நான் சொல்ல முடியாது.

சூடு ஓர் அளவைத் தாண்டினால் இயந்திரம் தானாக நின்றுவிடும் வசதி ஒன்று இருந்தது. அதை அவர் எடுத்துவிட்டார். காரணம், அதற்குமுன் ஒரு நாள் நான் குளியலறையில் வழுக்கி விழுந்தபோது இயந்திரம் சூட்டில் நின்றுபோயிருந்தது. அவர் கைபேசியை அழுத்தி அழுத்திப் பார்த்தும், கீழ்வீட்டைக் கூப்பிட ஒரு சொல் வரவில்லை. அந்த வசதிக்குப் பதிலாக ஒரு சின்ன எச்சரிக்கைப் பெட்டி வைத்தார். நாற்பத்தைந்து டிகிரி தாண்டினால் அது அறுநூற்று நாற்பதாவது வாக்கியத்தை முழுச் சத்தத்தில் சொல்லும்.

4

இப்போது அந்தப் பெண் ஏன் அந்த இடைவெளியை அடைத்தாள் என்று சொல்ல வேண்டும். மூன்று காரணங்கள் எழுதிப் பார்த்தேன்.

அ) தூசி வராமல் இருக்க. [பொய்.]

ஆ) அவர் மதியத் தூக்கம் கெடக் கூடாதென்று. [அன்பான பொய். என் வாசகிகளுக்குப் பிடிக்கும்.]

இ) நாவலை முடிக்க வேண்டிய நெருக்கடி. [இதைத்தான் போன வாரம்வரை நானே நம்பினேன்.]

விஷயம் இது. அறுவை சிகிச்சைக்குப் பிறகு அவர் மூச்சு மூக்கு வழியாகப் போவதில்லை. கழுத்தடியில் ஒரு துளை. தூங்கும்போது அதிலிருந்து மெல்லிய, ஈரமான, இழுத்து விடும் ஓசை வரும். அவர் அத்தனை பாடுபட்டு அமைதியாக்கிய அலமாரியும், கதவடியில் காற்றை இழுக்கும்போது, அதே ஓசையை எழுப்பியது. மதியம் அவர் உறங்க, நான் எழுத உட்கார்ந்தால் இரண்டு பக்கமும் அந்த மூச்சு. எது அவர், எது அலமாரி என்று தெரியாது. ஒன்றையாவது நிறுத்த வேண்டியிருந்தது. எதை நிறுத்த முடியுமோ அதை நிறுத்தினேன்.

அவருடைய பழைய சட்டையின் முழுக்கையை வெட்டி, பஞ்சு அடைத்து, இரு நுனியையும் தைத்தேன். அவர் தூங்கியதும் அதைக் கதவடியில் செருகுவேன். எழுவதற்குள் எடுத்துவிடுவேன். ஒரு மணி நேரம்தான்.

அவர் நோட்டில் தினமும் வெப்பநிலை எழுதுவார். ஒரு பக்கத்தில் இப்படி இருக்கிறது: "மதியம் மட்டும் மூன்று டிகிரி கூடுகிறது. வெயிலா? சுவர் நிழலில்தானே இருக்கிறது. ஏன்?" அந்த "ஏன்" அடியில் இரண்டு கோடு.

5

மகள் வீட்டுக்குப் புறப்பட்ட நாள். ஐந்து நாள் பயணம், பேரக் குழந்தையின் முதல் பிறந்தநாள். மதியம் அவர் தூங்கினார், நான் செருகினேன், கார் சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டது.

[மறந்துவிட்டேன் என்று எழுதினால் இந்தக் கதை இங்கே முடிந்துவிடும். மறதியை யாரும் மன்னிப்பார்கள்.]

இரண்டு மணி நேரத்தில், ரயிலில், நினைவு வந்தது. கீழ்வீட்டு அக்காவிடம் சாவி இருக்கிறது. ஒரே ஒரு போன் செய்தால் போதும்: அக்கா, மேல போய், அலமாரிக் கதவடியில ஒரு துணி உருளை இருக்கும், அத எடுத்துடுங்க. ஆனால் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பேச்சுத்தான் போயிற்று, காது போகவில்லை. எதற்குத் துணி என்று சிலேட்டில் கேட்பார். நான் என்ன சொல்வேன்? உங்கள் மூச்சைக் கேட்க முடியவில்லை என்றா?

ஒன்றும் ஆகாது என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

இரண்டாம் நாள் மாலைவரை அவர் பேரனிடம் கைபேசி வழியாகப் பேசினார். எழுபத்தேழு: "யாரு இது, யாரு இது?" குழந்தை கைபேசியைப் பிடுங்கி வாயில் வைத்துக்கொண்டது. மூன்றாம் நாள் காலை எந்த எண்ணை அழுத்தினாலும் சத்தம் வரவில்லை.

"என்னப்பா ஆச்சு?" என்றாள் மகள்.

"வீட்ல நெட் போயிருக்கும். போய்ப் பாத்துக்கலாம்," என்றேன் நான். அவரை முந்திக்கொண்டு. அவரை முந்துவது அவ்வளவு சுலபம்.

6

திரும்பி வந்தபோது கீழ்வீட்டு அக்கா படியிலேயே நின்றிருந்தார்.

"எப்ப வந்தீங்க? நீங்க ஊருக்குப் போகலன்னுல்ல நெனச்சிட்டிருந்தேன். சாரு குரல் கேட்டுட்டே இருந்துச்சே."

"என்ன குரல்?"

"நாலு நாளா. 'ஏய், இங்க வேகுது, கதவத் திற'ன்னு. மெஷின்ல மெதுவாப் பேசுவாருன்னு தெரியும். இது அவ்வளவு சத்தமா, கோவமா இருந்துச்சா, நெசமாவே தொண்ட சரியாயிடுச்சுன்னு நெனச்சேன். எங்க வீட்டுக்காரர் கிட்டகூடச் சொன்னேன், பாருங்க, பேசாம இருந்த மனுஷன் இப்ப பொண்டாட்டிய இந்த விரட்டு விரட்டறாரேன்னு. ரெண்டு பேரும் சந்தோஷப்பட்டோம்." வாத்தியாரின் முகத்தைப் பார்த்ததும் அக்கா நிறுத்திக்கொண்டார்.

வாத்தியார் பெட்டிகளோடு மெல்ல ஏறினார். நான் முன்னால் ஓடினேன். அவர் வருவதற்குள் சட்டைக் கையை உருவி எடுத்து என் மேஜை இழுப்பறையில் போட்டுவிட்டேன். அது இன்னும் சூடாக இருந்தது, உள்ளே கை இருப்பதுபோல.

இரண்டு டிஸ்க்கும் போயிருந்தன. பழுது பார்க்கும் கடைக்காரர் மூன்று வாரம் வைத்திருந்து, "ரெண்டும் சேந்து வெந்துருக்கு. ஒண்ணாவது வேற எடத்துல வெச்சிருக்கலாமே, சார்," என்றார். மிஞ்சியது எச்சரிக்கைப் பெட்டியில் தனியாக இருந்த ஒரு வாக்கியம் மட்டும். அதை அவர் கைபேசியில் ஏற்றிக்கொண்டார்.

[இதை என் நாவலில் எழுதியிருந்தால், ரொம்பப் பொருந்துகிறது, நம்ப மாட்டார்கள் என்று பதிப்பாசிரியர் அடித்திருப்பார். அடிக்கட்டும்.]

7

முடிவுகள்.

ஒன்று: கடைக்காரர் ஓடி வந்து, ஒரு டிஸ்க் படிக்க முடிகிறது என்கிறார். [வரவில்லை. நானே இரண்டு முறை போய்க் கேட்டேன்.]

இரண்டு: மனைவி எல்லாவற்றையும் சொல்லி அழுகிறாள். கணவர் அவள் தலையைத் தடவி... [தடவி என்ன? அடுத்து வர வேண்டியது ஐம்பத்து மூன்று. "நீதான் தப்பு. ஆனா விடு, பரவால்ல." அதையும் சேர்த்துத்தான் நான் வேக வைத்திருக்கிறேன்.]

மூன்று: அவள் சொல்லாமலே இருந்துவிடுகிறாள். [இப்போது நடப்பது இது. அவர் கதவைக் கழற்றித் தரையில் கிடத்தி, இடைவெளியை நான்கு விரலாக்க ரம்பத்தால் அறுத்துக்கொண்டிருக்கிறார். காலியான அலமாரிக்கு. சிலேட்டில் கணக்குப் போடுகிறார், அழிக்கிறார், மறுபடி போடுகிறார். நேற்று என்னிடம் நீட்டினார்: "எங்கே தப்பு விட்டேன்?" எனக்குக் கணக்கு வராது என்று சொன்னேன்.]

8

வாசகரிடம் முடிவை விட்டுவிடுவது எழுத்தாளருக்கு வசதியான தந்திரம் என்று முன்பு ஒரு கூட்டத்தில் கிண்டல் செய்திருக்கிறேன். இப்போது அதைத்தான் செய்யப்போகிறேன். ஆனால் எல்லா வாசகரிடமும் இல்லை.

என் இருபத்திரண்டு நாவல்களுக்கும் முதல் வாசகர் ஒருவர்தான். கைப்பிரதியை வாங்கி உரக்கப் படிப்பார். எங்கே அவர் குரல் தடுக்குகிறதோ அங்கே நான் திருத்துவேன். இதை அவர் மனசுக்குள்தான் படிக்க வேண்டும். எங்கே தடுக்கியது என்று எனக்குத் தெரியப்போவதில்லை.

ரம்பச் சத்தம் நின்றுவிட்டது. இந்தப் பக்கங்களின்மேல் அந்தச் சட்டைக் கையை வைத்து, அவர் கதவை அறுத்த இடத்தில் வைத்துவிட்டு வந்து இந்த அறையைச் சாத்திக்கொள்ளப்போகிறேன். இங்கேயும் கதவடியில் இடைவெளி உண்டு. அவர் படித்து முடிக்கும்வரை அந்த மூச்சு எனக்குக் கேட்கும், இந்த முறை எதையும் செருக மாட்டேன்.

பிறகு அவர் எழுந்து போகலாம். சிலேட்டில் ஏதாவது எழுதலாம், எழுதாமலும் இருக்கலாம். கைபேசியை எடுத்தால் அவரிடம் இருப்பது ஒரே ஒரு வாக்கியம். அதை அவர் அழுத்துவாரா, அழுத்தினால் நான் எழுந்து போய்த் திறப்பேனா என்பதை நான் எழுதப்போவதில்லை. நீங்கள் படித்துக்கொண்டிருக்கிறீர்கள். இதற்குமேல் உங்கள் கையில்