பதிமூன்றாவது கையெழுத்து

2023 ஜனவரி 21, சனிக்கிழமை காலை ஆறு மணிக்குள், மிச்சிகனின் வடக்கே சுப்பீரியர் ஏரிக்கரையில் உள்ள சாலோ ஹார்பர் நகரில் பதினேழு அங்குலப் பனி விழுந்திருந்தது.

அன்று மதியம் இரண்டு மணிக்கு நகரப் பனித்தளத்தில் ஓர் ஆட்டம் இருந்தது. சாலோ ஹார்பர் பல்கலைக்கழக மாணவியரின் ஐஸ் ஹாக்கி கிளப்பும் விஸ்கான்சினிலிருந்து பேருந்தில் வரவிருந்த இன்னொரு கிளப்பும் ஆட வேண்டும். வழக்கமாக அந்தக் கிளப்பின் ஆட்டத்துக்கு முப்பது பேர் வந்தால் அதிகம். அன்று அத்தனை பனியிலும் இருநூறு பேருக்கு மேல் வந்துவிட்டார்கள். நோரீன் டஃபெக் ஆட்டத்தைப் பார்க்க வருகிறார் என்பது ஊர் முழுக்கத் தெரிந்திருந்தது.

அவர் பல்கலைக்கழகம் அமர்த்திய ஆய்வாளர். மாணவியருக்கு அதிகாரபூர்வமான ஹாக்கி அணி ஒன்றைத் தொடங்கலாமா, கூடாதா என்று அறிக்கை தருவது அவர் வேலை. ஆண்களுக்கு அப்படி ஓர் அணி எழுபது ஆண்டுகளாக இருக்கிறது. சம்பளம் வாங்கும் பயிற்சியாளர்கள், உதவித்தொகை, பேருந்து, சொந்தமாக ஓர் அறை எல்லாம் அதற்கு உண்டு. பெண்களுக்கு இருந்தது கிளப் மட்டும். பதிமூன்று பேர். தங்கள் கார்களிலேயே வெளியூர் போய் ஆடுவார்கள். உள்ளூரில் நடுவர்களின் அறையில் உடை மாற்றுவார்கள். நடுவர்கள் வருவதற்குள் காலி செய்துவிட வேண்டும்.

வேண்டாம் என்றவர்களிடமும் நியாயம் இருந்தது. ஊரில் இருப்பது ஒரே பனித்தளம். புதிய அணிக்கு வாரம் பதினான்கு மணி நேரம் ஒதுக்கினால் அது வேறு யாரிடமிருந்தாவது பறித்ததாகத்தான் இருக்கும். நவம்பரில் மாணவியருக்கு மின்னஞ்சலில் அனுப்பிய கருத்துக்கணிப்புக்கு அறுபத்தொரு பேர்தான் பதில் போட்டிருந்தார்கள். விளையாட்டுத் துறைத் தலைவர் பெக்வித் ஒஹையோவிலிருந்து வந்து ஒன்றரை ஆண்டு ஆகியிருந்தது. போகிற கூட்டத்திலெல்லாம் அவர் அந்த எண்ணைச் சொன்னார்.

இன்னொரு சிக்கலும் இருந்தது. அணி வந்தால் கிளப்பின் நேரம் அதற்குப் போய்விடும். நேரத்தை அப்படி விட்டுக்கொடுக்கக் கிளப் உறுப்பினர் அத்தனை பேரும் எழுத்தில் சம்மதிக்க வேண்டும் என்பது கிளப்பின் சொந்த விதி. பன்னிரண்டு பேர் கையெழுத்திட்டிருந்தார்கள். கோல்கீப்பர் டெஸ்ஸா ஓயலா மட்டும் போடவில்லை.

ஊர் வார இதழுக்குச் செய்தி எழுதுகிற நான், ஆட்ட நாட்களில் கடிகாரத்தையும் ஒலிபெருக்கியையும் பார்த்துக்கொள்வேன். ஒரு மணியளவில் வீராங்கனைகளின் பெயர்ப் பட்டியலை வாங்க நடுவர் அறைக்குப் போனேன். கேப்டன் பிரென்னா கங்காஸ் மட்டையின் நுனியில் டேப் சுற்றிக்கொண்டிருந்தாள். டெஸ்ஸா காலில் பேடு கட்டிக்கொண்டிருந்தாள்.

"அந்தம்மா இன்னைக்கே காகிதத்தக் கையோட கொண்டுபோறாங்கடீ," என்றாள் பிரென்னா.

"போகட்டும். பன்னெண்டு பேர் போட்டிருக்கீங்கல்ல."

"பதிமூணும் வேணும்னு உனக்குத் தெரியாதாக்கும்."

"தெரிஞ்சுதான் போடல. நீ மே மாசம் பட்டத்த வாங்கிட்டுப் போயிருவ. எனக்கு இன்னும் ரெண்டு வருஷம் கெடக்கு. அணின்னு ஒண்ணு வந்தா கனடாவுலருந்து ஒருத்தி, மினசோட்டாவுலருந்து ஒருத்தி, ஃபின்லாந்துலருந்து ஒருத்தின்னு கொண்டாந்து எறக்குவாங்க. நான் வெளிய நின்னு பாப்கார்ன் விப்பேன்."

"நீ பாப்கார்ன் வித்தா பாதிய நீயே தின்னுருவ. அந்த வேலையும் நெலைக்காது."

அறையே சிரித்தது. டெஸ்ஸா சிரிக்கவில்லை.

"நெஜத்தச் சொல்லு கேப்டன். நம்மள்ல எத்தன பேருக்கு அங்க எடம் கெடைக்கும்?"

பிரென்னா டேப்பைப் பல்லால் கடித்து அறுத்தாள். "ஒருத்திக்கு."

மூலையில் இருந்த முதலாண்டு மாணவி தலையைக் குனிந்துகொண்டாள்.

"உனக்கு?"

"எனக்குக் கெடைக்காது."

"எனக்கு?"

பிரென்னா மட்டையைத் திருப்பி மறுபடி டேப் சுற்றத் தொடங்கினாள்.

"அப்ப உக்காந்திருக்கிற கிளைய நம்மளே எதுக்குடீ வெட்டணும்?" என்றாள் டெஸ்ஸா.

பிரென்னாவின் கைபேசி அடித்தது. இரண்டு வார்த்தை பேசிவிட்டு வைத்தாள். நெடுஞ்சாலையை மூடிவிட்டார்கள். விஸ்கான்சின் பேருந்து பாதி வழியில் திரும்பிவிட்டது.

மேலே பார்வையாளர் வரிசையில் பெக்வித் ஏற்கெனவே மேல்கோட்டை மாட்டிக்கொண்டிருந்தார். வேறொரு நாள் பார்க்கலாமே என்றார். வேறு நாள் இல்லை, பிப்ரவரி பத்தாம் தேதிக்குள் அறிக்கை போக வேண்டும் என்றார் டஃபெக். பிரென்னா ஸ்கேட்டோடு படியேறி, கடிகாரமும் ஒலிபெருக்கியும் இருக்கும் என் அறைக்கு வந்தாள்.

"மைக்கக் குடுங்க."

கொடுத்தேன்.

"விஸ்கான்சின்காரங்க வரல. ஆட்டம் இல்ல. ஆனா தளத்தத் தேச்சுப் பளபளன்னு வச்சாச்சு, வீணாக்க வேணாம். ஸ்கேட் வச்சிருக்கிற பொம்பளைங்க எல்லாரும் எறங்கி வாங்க. உறைஞ்ச ஏரியில ஆடுற மாதிரி ஆடலாம். ஆம்பளைங்க உக்காந்து பாருங்க. எழுபது வருஷமா நாங்க பாக்கல?"

பெக்வித் அரங்க மேலாளர் ஏர்லைப் பார்த்தார். "காப்பீடு எல்லாம்?"

"இது நகரத்தோட தளம் சார்," என்றார் ஏர்ல். "நாலு மணிக்குப் பொது ஸ்கேட்டிங். ரெண்டு மணி நேரம் முன்னாடியே தொறந்துட்டேன்னு வச்சுக்குங்க."

பிறகு உயர்நிலைப் பள்ளிப் பெண்கள் நான்கு பேர் எழுந்து ஸ்கேட் எடுக்கக் கார்களை நோக்கிப் போனார்கள். வங்கியில் காசாளராக இருப்பவர் போனார். லூத்தரன் தேவாலயத்தின் பெண் போதகர் போனார். கிளப்பில் யாருக்கும் தெரியாத இரண்டு மாணவிகள் வந்து நின்றார்கள். பொறியியல் படிக்கிறவர்கள், கிளப் பயிற்சி நடக்கும் அதே நேரத்தில் அவர்களுக்கு ஆய்வக வகுப்பு, அதனால் சேரவில்லை என்றார்கள். இரண்டேகால் மணிக்குக் கிளப்பையும் சேர்த்து முப்பத்தேழு பேர் பனியில் நின்றார்கள். மூத்தவருக்கு வயது ஐம்பத்தொன்று.

ஒரு கோல்கீப்பர்தான் இருந்தாள். மறுமுனைக்கு ஆள் வேண்டும்.

"நான் நிப்பேன்," என்று மேல் வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. மருத்துவமனையில் செவிலியாக இருக்கும் கெர்ரி ரான்டா. வயது நாற்பது. "ஆனா என் பேடு வீட்டு நெலவறையில கெடக்கு. எங்க தெருவ இன்னும் யாரும் வழிக்கல."

அவருடைய தம்பி நகராட்சியின் பனி வழிக்கும் வண்டியை ஓட்டுகிறவர். வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே காபி குடித்துக்கொண்டிருந்தார். எல்லாரும் அவரைப் பார்த்தார்கள்.

"அந்தத் தெரு எப்படியும் என் பட்டியல்ல இருக்கு," என்று எழுந்தார்.

இருபது நிமிடத்தில் கெர்ரி அந்த வண்டியிலிருந்து இறங்கினார். வெள்ளையாக வாங்கிய பேடு பழைய பியானோக் கட்டைகளின் நிறத்துக்கு வந்திருந்தது.

ஏரியில் அணி பிரிக்கிற முறை எல்லாருக்கும் தெரியும். முப்பத்தாறு பேரும் தங்கள் மட்டைகளை நடுவட்டத்தில் குவியலாகப் போட்டார்கள். கோல்கீப்பர்களின் மட்டைகள் அதில் சேர்வதில்லை. பிரென்னா கம்பளித் தொப்பியைக் கண் மறையும்வரை இழுத்துவிட்டு மண்டியிட்டாள். கைக்கு வந்த மட்டைகளை ஒன்று இடமும் ஒன்று வலமுமாக வீசினாள். போதகரும் பதினான்கு வயதுப் பெண்ணும் ஒரு பக்கம் விழுந்தார்கள்; காசாளரும் பிரென்னாவும் மறுபக்கம். அவரவர் மட்டையைத் தேடிப் போய் எடுத்துக்கொண்டார்கள். நான் கடிகாரத்தை ஓடவிட்டேன்.

டஃபெக் என் அறைக்கு வெளியே நின்று குறிப்பெழுதினார். அது யார், இது யார் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். பாதிப் பேரைப் பற்றி ஏர்ல் ஒரே பதிலைத்தான் சொன்னார்: "பன்னெண்டாம் வகுப்பு வரைக்கும் ஆடுனா. அப்புறம் எடம் இல்ல."

"இவ்வளவு பேர் இருக்காங்களே," என்று டஃபெக் பெக்வித்திடம் கேட்டார். "மாணவிகள் ஏன் பதில் போடல? எப்ப அனுப்பினீங்க?"

"நவம்பர் பதினஞ்சு. ஒரு வாரம் அவகாசம் குடுத்தோம்."

பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவர் காபியைத் துப்பினார்.

"சார், நவம்பர் பதினஞ்சு மான் வேட்டை தொடங்குற நாள்," என்றார் ஏர்ல். "அந்த வாரம் இந்த ஊர்ல போதகரம்மாகூடத் துப்பாக்கியோட மரத்து மேலதான் இருப்பாங்க. கம்ப்யூட்டரத் தொறக்குறதுக்கு யார் இருக்கா?"

பெக்வித்தின் முகம் சிவந்தது. தன் சிறு நோட்டில் அந்தத் தேதியை எழுதி அடிக்கோடிட்டார். அவரைக் கேலி செய்தவர்கள் அதைப் பார்த்துவிட்டுப் பேசாமல் திரும்பிக்கொண்டார்கள்.

ஆட்டம் ஒரு மணி நேரம் நடந்தது. டெஸ்ஸா மோசமாக ஆடவில்லை. ஆனால் பார்த்தவர்களின் கண் எதிர் முனையில்தான் இருந்தது. கெர்ரி குறைவாகவே நகர்ந்தார். பக் என்கிற அந்த ரப்பர் வட்டு எங்கே வரப்போகிறதோ அங்கே முன்பே போய் நின்றிருந்தார். பிரென்னா தனியாகப் பாய்ந்து வந்து அடித்ததைக் கையுறையால் பிடித்து, ஆப்பிள் பறித்தவர் போலப் பார்த்துவிட்டுத் திரும்ப எறிந்தார். அரங்கு எழுந்து நின்றது. பனியில் இருந்தவர்கள் இரு பக்கமும் மட்டைகளால் தரையைத் தட்டிப் பாராட்டினார்கள். டெஸ்ஸாவும் தட்டினாள். முப்பத்தொரு தடவை கெர்ரியை நோக்கி அடித்தார்கள். இரண்டு உள்ளே போயின. டெஸ்ஸா ஆறு விட்டாள்.

முடிந்ததும் இரு கோல்கீப்பர்களும் என் அறைக்குக் கீழே, தடுப்பில் சாய்ந்து தண்ணீர் குடித்தார்கள்.

"எந்தக் காலேஜுக்கு ஆடுனீங்க?" என்று டெஸ்ஸா கேட்டாள்.

"எதுக்கும் இல்ல கண்ணு. இங்கதான் நர்சிங் படிச்சேன். நாலு வருஷம் இந்தக் கட்டடத்தத் தாண்டித்தான் வகுப்புக்குப் போனேன்."

"கிளப்புல?"

"அப்ப கிளப் ஏது? கடைசி வருஷம் ஒம்பது பேர் சேந்து கிளப் வேணும்னு எழுதிக் குடுத்தோம். ரெண்டாயிரத்து அஞ்சு ஜூன்ல அனுமதிக் கடிதம் வந்துச்சு. நான் மே மாசமே ஆஸ்பத்திரியில வேலைக்குச் சேந்துட்டேன்."

டெஸ்ஸா புட்டியை இறக்கினாள். "அப்ப நீங்க ஒரு நாள்கூட..."

"ஒரு நாள்கூட ஆடல."

"வருத்தமா இல்லையா?"

"இல்லாம? அடுத்த வருஷம் கிளப்புல வந்து நின்ன கோல்கீப்பரப் பாத்தேன். தட்டக்கூடத் தெரியாது அவளுக்கு. ரெண்டு மாசம் எரிச்சல்ல இந்தப் பக்கமே வரல."

"அப்ப எங்களுக்காகத்தான் எழுதிக் குடுத்தீங்களா?"

"உன்ன எனக்குத் தெரியுமா என்ன? நீ அப்ப டயப்பர் போட்டிருப்ப. நாங்க சும்மா ஆடிக்கிட்டிருந்த நேரத்தப் பசங்க புடுங்கிக்கிட்டானுங்க, அந்தக் கோவத்துல எழுதுனேன்." கெர்ரி முகக்கவசத்தைக் கழற்றினார். தலைமுடி நனைந்து ஒட்டியிருந்தது. "நீ எடது பக்கம் சீக்கிரம் விழுந்துடுற. கவனிச்சியா?"

"கவனிச்சேன்."

"அஞ்சு கோல் அதுலதான் போச்சு."

"நாலு."

"சரி, நாலு."

நோரீன் டஃபெக் மேல்கோட்டோடு கீழே வந்தார். பிரென்னா காகிதத்தை ஓர் அட்டையில் வைத்துக் கையில் பிடித்திருந்தாள், நீட்டவில்லை. டஃபெக் அதைப் பார்த்தார். வெறுமையாக இருந்த பதிமூன்றாவது கோட்டையும் பார்த்தார்.

"இது உன்னோட எடமா?" என்று டெஸ்ஸாவிடம் கேட்டார்.

"ஆமா."

"இந்த அணி உனக்கு வேணுமா? மத்தவங்க என்ன சொல்றாங்கன்னு நான் கேக்கல."

"எனக்கு வேணாம்."

பிரென்னா கண்ணை மூடிக்கொண்டாள். டஃபெக் தலையசைத்தார், வற்புறுத்தவில்லை. குறிப்பேட்டை மூடினார்.

டெஸ்ஸா பெரிய கையுறையைக் கழற்றித் தடுப்பின் மேல் வைத்தாள். "எனக்கு வேணாந்தான். பேனாவக் குடுங்க."

வீராங்கனைகள் யாரிடமும் பேனா இல்லை. டஃபெக்கின் பேனா குளிரில் எழுத மறுத்தது. நான் மேலேயிருந்து கோல் கணக்கு எழுதும் பென்சிலைப் போட்டேன். பென்சில் செல்லாது என்றார் டஃபெக். கடைசியில் பெக்வித் சட்டைப்பையிலிருந்து தன் பேனாவை எடுத்துக் கொடுத்தார். டெஸ்ஸா அட்டையைத் தடுப்பின் மேல் வைத்துக் கையெழுத்திட்டாள். விரல் ஈரத்தில் எழுத்து ஓரிடத்தில் கலங்கியது.

"இந்தா கேப்டன்," என்றாள். "பாப்கார்ன் கடைக்கு எனக்கு ஒரு சிபாரிசு எழுதிக் குடு."

"பொய் சாட்சி சொல்ல மாட்டேன்டீ," என்று வாங்கிய பிரென்னா அட்டையை டஃபெக்கிடம் நீட்டினாள்.

ஏர்ல் தளத்தைத் தேய்க்கும் வண்டியைக் கிளப்பிவிட்டார். பொது ஸ்கேட்டிங்குக்குச் சின்னப் பிள்ளைகள் வாசலில் வரிசையில் நின்றார்கள்.

டஃபெக்கின் அறிக்கை பிப்ரவரி 10 அன்று போனது. பெக்வித் கருத்துக்கணிப்பை மார்ச்சில் மறுபடியும் அனுப்பினார். நானூற்று நாற்பது பதில்கள் வந்தன. ஏப்ரல் 28 அன்று நிர்வாகக் குழு ஐந்துக்கு மூன்று என்ற வாக்கில் அணிக்கு ஒப்புதல் தந்தது.

2024 செப்டம்பரில் தேர்வு நடந்தது. கிளப்பின் பதிமூன்று பேரில், நடுவர் அறை மூலையில் தலைகுனிந்திருந்த மாணவிக்கு மட்டும் இடம் கிடைத்தது. கோல்கீப்பர் இடத்துக்கு ஐந்து பேர் வந்தார்கள், மூன்று பேரை எடுத்தார்கள். டெஸ்ஸா ஓயலா நான்காவதாக வந்தாள்.

கிளப் கலைந்து, ஊர்ப் பெண்களுக்கும் மாணவியருக்கும் பொதுவான சங்கமாக மறுபடி பதிவானது. ஞாயிறு காலை ஏழு மணிக்கு அதற்குத் தளம் கிடைக்கிறது. இருபத்தாறு பேர் ஆடுகிறார்கள். ஒரு முனையில் கெர்ரியும் மறுமுனையில் டெஸ்ஸாவும் நிற்கிறார்கள்.

புதிய அணியின் முதல் ஆட்டம் 2024 அக்டோபர் 5, சனிக்கிழமை மதியம் மூன்று மணிக்கு நடந்தது. டெஸ்ஸா கோலுக்குப் பின்னால் உட்கார்ந்து, கோல் விழும்போது சிவப்பு விளக்கைப் போடும் வேலை செய்தாள். 1,312 பேர் வந்திருந்தார்கள். சாலோ ஹார்பர் 4-1 என்ற கணக்கில் தோற்றது.