சந்தியில் நிற்காத வண்டி

பதுளை வீதியால் நெல் ஏற்றிக்கொண்டு புளியந்தீவுக்குப் போகிற வண்டிக்காரர்கள், எங்கே சாப்பிடுவது என்பதைக் கோணாமலையிடமே விட்டிருந்தார்கள். அவனுடைய வண்டிதான் முன்னால் போகும். அவன் மாட்டை அவிழ்க்கிற இடத்தில் மற்றவர்களும் அவிழ்ப்பார்கள். சுட்ட இறைச்சி விற்கிற கடைகளைப் பற்றி அவனுக்குத் தீர்மானமான எண்ணங்கள் இருந்தன. மசாலா மணம் வீதிவரை வந்தால் அங்கே எதையோ மறைக்கிறார்கள். கொழுப்பு உருகித் தணலில் விழுகிற மணம் வந்தால் நம்பி இறங்கலாம். சுடுகிறவன் அடுப்பை விட்டு அசையக் கூடாது. இறைச்சி முடிந்தால் முடிந்துவிட்டது என்று கூசாமல் சொல்ல வேண்டும். எந்த நேரமும் இறைச்சி இருக்கிற கடையில் நேற்றைய இறைச்சியும் இருக்கும் என்பான்.

செங்கலடிச் சந்தியில் இருந்த முனாபின் ஓலைக்கடை அவனுக்குப் பிடித்த கடை. முனாப் ஏறாவூர்க்காரன். விடியற்காலையில் அறுத்த கிடாயை முகர்ந்து பார்த்துத்தான் வாங்குவான். மனதுக்குப் பிடிக்காவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவான். உப்பு, மிளகு, தேசிக்காய்ப் புளி, சிரட்டைத் தணல், அவ்வளவுதான். மனைவி ஸைனம்பு உள்ளே ரொட்டி தட்டுவாள். இறைச்சியை மட்டும் அவளைக்கூடத் தொட விடமாட்டான்.

ஊரெல்லாம் காய்ச்சல் பரவிய முப்பத்தைந்தாம் ஆண்டு, கடை பல மாதம் பூட்டிக் கிடந்தது. மறுபடி திறந்தபோது முனாப் பாதி ஆளாக மெலிந்திருந்தான். கோணாமலை சந்தோஷமாகப் போய் உட்கார்ந்தான். முதல் துண்டை வாயில் வைத்ததுமே இறைச்சி பழுதாகிவிட்டது தெரிந்தது. முனாப் எதிரில் நின்று அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எப்பிடி மச்சான்?"

நோயிலிருந்து எழும்பி வந்த மனிதனிடம் எப்படிச் சொல்வது? கோணாமலை விழுங்கினான். "நல்லாரிக்கு" என்றான். முனாப் அடுப்புப் பக்கம் திரும்பிய நேரம் மிச்சத்தை வேலிக்கு அப்பால் எறிந்தான். கஷ்டம் வந்ததும் பழைய இறைச்சியை விற்கப் பழகிவிட்டான் என்று நினைத்தான். நினைக்க நினைக்கக் கோபமும் வந்தது.

அடுத்த பயணத்தில் சந்தி வந்தபோது அவன் நிற்கவில்லை. முனாப் அடுப்படியில் இருந்து கையை உயர்த்தினான். கோணாமலை காணாதவன் போல மாட்டைத் தட்டி ஓட்டினான். பின்னால் வந்த வண்டிகளும் ஒன்றன்பின் ஒன்றாகக் கடையைத் தாண்டின. ஏன் என்று கேட்டவர்களுக்கு அவன் காரணம் சொல்லவில்லை. அவன் நிற்காததே அவர்களுக்குப் போதுமாக இருந்தது. மாரி மழை தொடங்குவதற்கு முன் கடையைப் பிரித்துவிட்டார்கள்.

அடுத்த வருஷம் புளியந்தீவுத் துறையில் தோணியிலிருந்து விறகு இறக்கிக்கொண்டிருந்த முனாபைக் கண்டான். ஒதுங்கிப் போகப் பார்த்தான், முடியவில்லை. முனாப் கிட்ட வந்து பிள்ளைகளைப் பற்றி விசாரித்தான், மாடுகளைப் பற்றி விசாரித்தான். பிறகுதான் அன்றைக்கு ஏன் நிற்காமல் போனாய் என்று கேட்டான். கோணாமலை உள்ளதைச் சொன்னான்.

முனாப் சொன்னான்:

"காய்ச்சலோட எனக்கு மணம் தெரியாமப் போயிற்று மச்சான். என்ன இறைச்சியத் தந்தாலும் வாங்கினன். ஸைனம்புக்கும் சொல்லல்ல, கடைய மூடு எண்டுவா எண்டு பயம். நீ வந்தா உன்ட முகத்தில தெரியும் எண்டு இருந்தன். நீ நல்லாரிக்கு எண்டாய்."

கோணாமலை, "திரும்பக் கடையப் போடு. நான் வந்து மணந்து பாத்து வாங்கித் தாறன்" என்றான்.

"அந்த இடத்தில இப்ப வேற ஆக்கள் இரிக்காங்க."

தோணிக்காரன் கூப்பிட்டான். முனாப் விறகுக் கட்டைத் தோளில் ஏற்றிக்கொண்டான். போவதற்கு முன், "நான் ஏமாத்துறன் எண்டு நினைச்சிட்டாய், என்ன?" என்றான். குரலில் கோபம் இல்லை. இல்லை என்று சொல்லக் கோணாமலையால் முடியவில்லை.

அதற்குப் பிறகு எந்தக் கடையில் உட்கார்ந்தாலும், குறை இருந்தால் கடைக்காரனின் முகத்துக்கு நேரே சொன்னான். மற்ற வண்டிக்காரர்களுக்கு அது வெட்கமாக இருந்தது. மெல்ல மெல்ல வேறு இடங்களில் அவிழ்க்கத் தொடங்கினார்கள். கோணாமலை முனாபைத் தேடித் துறைக்கும் சில தடவை போனான். கடைசித் தடவை விறகுத் தோணி வந்திருந்தது. முனாபும் ஸைனம்புவும் ஓட்டமாவடிப் பக்கம் குடிபோய்விட்டதாகத் தோணிக்காரன் சொன்னான். எந்த வீடு என்று அவனுக்குத் தெரியவில்லை.