சாயங்கால பேட்ச்

ஊருக்கே கார் ஓட்டக் கற்றுக்கொடுத்த மனுஷருக்குத் தன் காரை விற்கத் தெரியவில்லை. கிளட்ச் மாஸ்டர் என்றால் அந்த வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரியும். பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொண்டு "கிளட்ச்! கிளட்ச்!" என்று பத்து வருஷமாக அவர் கத்திய கத்தலுக்குக் கிடைத்த பட்டம் அது. புது வண்டி வாங்கியாயிற்று. அதில் அவர் பக்கத்துக்குத் தனி பெடல் பொருத்தும் வரை பழையதுதான் ஓடும். பழையதை, அவரிடமே ஓட்டக் கற்றுக்கொண்ட லேப் அக்கா கேட்டிருந்தாள், சனிக்கிழமை ஓட்டிப் பார்க்க வருகிறாள். அதற்குள் அந்த இஞ்சின் கோளாறைச் சரி பண்ணுவதா, அப்படியே கொடுப்பதா என்பதில்தான் மாஸ்டர் மண்டை காய்ந்துகொண்டிருந்தார்.

பெரிய கோளாறு என்று சொல்லிவிட முடியாது. இஞ்சின் நன்றாகச் சூடேறிவிட்டால், சிக்னலில் நின்று கிளம்பும்போது சில சமயம் பொசுக்கென்று ஆஃப் ஆகிவிடும். போன வருஷமே மெக்கானிக் கண்டுபிடித்துச் சொன்னான். உள்ளே ஒரு வால்வு மாற்ற வேண்டும், ஒரு நாள் வேலை. மாஸ்டர்தான் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டார். கற்றுக்கொள்கிறவன் கையில் எந்த வண்டிதான் ஆஃப் ஆகாது என்று ஒரு சமாதானம். சமாதானம் சொல்லிக்கொள்வதில் அவரை மிஞ்ச ஆளில்லை.

செவ்வாய்க்கிழமை ஷெட்டுக்குப் போனார். மெக்கானிக் பானெட்டுக்குள் தலையை விட்டபடியே பேசினான்.

"இது காலையில வராது மாஸ்டர். நாலஞ்சு கிளாஸ் ஓடி, சூடு ஏறினாதான் வரும். சாயங்காலம்தானே ஆட்டம் காட்டுது?"

"ஆமா," என்றார் மாஸ்டர். சொன்ன பிறகுதான் அவருக்குச் சாயங்கால பேட்ச் ஞாபகம் வந்தது.

காலை பேட்ச் ஆட்கள் பெரும்பாலும் ஒரே தடவையில் லைசென்ஸ் வாங்கிவிடுவார்கள். சாயங்கால பேட்ச்தான் தடுமாறும். வேலைக்குப் போய்க் களைத்து வருகிறார்கள், கால் நிதானம் இல்லை என்று அவரே ஒரு காரணம் கண்டுபிடித்து, அதை எல்லோரிடமும் சொல்லி, கடைசியில் தானும் நம்பிவிட்டார். லேப் அக்கா சாயங்கால பேட்ச். வீடு வீடாகப் போய் ரத்தம் எடுப்பவள். அந்த பேட்ச்சுக்கு டெஸ்ட்டும் மத்தியானத்துக்கு மேல், காலையெல்லாம் ஓடின இதே வண்டியில்தான். இரண்டு தடவை சிக்னலில் ஆஃப் ஆகி ஃபெயில் ஆனாள், மூன்றாவது தடவைதான் லைசென்ஸ் கிடைத்தது. அதற்குள் லேபில் காரில் போய் சாம்பிள் எடுக்கிற வேலையை வேறொருத்திக்குக் கொடுத்துவிட்டார்கள். இவள் இன்னும் சாம்பிள் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போகிறாள். இப்போது சொந்தமாகச் செய்யலாம் என்றுதான் கார் கேட்கிறாள்.

"சரி பண்ணிட்டுக் குடுங்க. இதுல யோசிக்க என்ன இருக்கு?" என்றாள் மனைவி.

"சரி பண்ணினா அவளுக்குத் தெரிஞ்சிடும்."

"என்ன தெரிஞ்சிடும்?"

மாஸ்டர் செருப்பை மாட்டிக்கொண்டு அடுத்த கிளாஸுக்குக் கிளம்பினார். சரி பண்ணினால் வண்டி ஆஃப் ஆகாது, இத்தனை நாள் ஏன் ஆச்சு என்று அவள் கேட்பாள். சரி பண்ணாவிட்டால் ஆயுசு முழுக்கத் தன் காலையே திட்டிக்கொண்டிருப்பாள், அதுவும் நடுரோட்டில். அதைவிடக் கொடுமை, உண்மை என்னவென்றே அவருக்கு நிச்சயமில்லை. அவள் கிளட்சைச் சட்டென்று விட்டதை அவர் கண்ணால் பார்த்திருக்கிறார். பார்த்தாரா? இல்லை, வண்டி நின்றதால் விட்டிருப்பாள் என்று எடுத்துக்கொண்டாரா? நினைக்க நினைக்கச் சொந்தக் கண் மேலேயே நம்பிக்கை போயிற்று. முடிவெடுப்பதற்குள் சனிக்கிழமை வந்துவிட்டது.

அவள் வேலை முடிந்துதான் வந்தாள். வண்டி அன்றைக்கு ஆறு கிளாஸ் ஓடியிருந்தது. மூன்றாவது சிக்னலில் பச்சை விழுந்தது, வண்டி ஆஃப் ஆனது. பின்னால் ஹாரன் அலறியது.

"சாரி மாஸ்டர், சாரி! இந்தக் காலை வெட்டிப் போட்டாத்தான் சரியா வரும்." ஸ்டார்ட் பண்ணி ஓரங்கட்டினாள். "அதனாலதான் இதையே கேட்டேன். இதுன்னா என் தப்பெல்லாம் தாங்கிக்கும். வேற வண்டின்னா பயமா இருக்கு."

"உங்க கால் சரியாத்தான் இருந்துச்சும்மா," என்றார் மாஸ்டர். இன்றைக்கு அவர் அவள் காலை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வால்வைப் பற்றி, மெக்கானிக் எப்போது சொன்னான் என்பதைப் பற்றி, எல்லாவற்றையும் கொட்டினார்.

அவள் ஹேண்ட்பிரேக்கைப் போட்டாள். அவருக்கு அவள் திட்டினால் தேவலை என்றிருந்தது.

"அப்போ அந்த ரெண்டு டெஸ்ட்டும்?"

"தெரியலைம்மா."

"பக்கத்துலதானே உக்காந்திருந்தீங்க?"

"உக்காந்திருந்தேன். தெரியலை."

அவள் சாவியைத் திருப்பி வண்டியை அணைத்துவிட்டுச் சொன்னாள்: "சரி பண்ணி வைங்க. செவ்வாய்க்கிழமை இதே நேரத்துக்கு வரேன். ஒரு மணி நேரம் ஓட்டறேன், எல்லா சிக்னல்லயும் நின்னு எடுக்கறேன். ஆஃப் ஆச்சுன்னா என் கால். ஆகலைன்னா, அப்புறம் நாம பேசணும்."

திங்கட்கிழமை மாஸ்டர் ஷெட்டில் நாள் முழுக்க உட்கார்ந்திருந்தார். மெக்கானிக் வால்வை மாற்றி, முக்கால் மணி நேரம் சூடேற்றி, பத்துத் தடவை எடுத்து நிறுத்திப் பார்த்தான். வண்டி அசையாமல் சீராக உறுமியது.

"முடிஞ்சுது மாஸ்டர். யார் ஓட்டினாலும் இனிமே சும்மா ஆஃப் ஆகாது."

"கிளட்சை டக்குன்னு விட்டா?"

"அப்படி விட்டா எந்த வண்டியும் ஆகும்."

"ஆகும்ல? கட்டாயம் ஆகும்ல?"

மெக்கானிக் கை துடைப்பதை நிறுத்திவிட்டு அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தான். அவள் செவ்வாய்க்கிழமை தப்பு பண்ண வேண்டும் என்று தான் ஆசைப்படுவது மாஸ்டருக்கு அப்போதுதான் உறைத்தது.