கிரேன்காரரின் படர்தாமரை

கிரேன்காரர் காலையில் ஏணி ஏறித் தன் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்தால் சாயங்காலம்தான் இறங்குவார். மழை மாதங்களில் மேகம் கூண்டுக்குக் கீழே வந்து படுத்துக்கொள்ளும். ஊர் இருந்த இடத்தில் வெள்ளையாக ஒரு வெறுமை. அதற்கு அடியிலிருந்து வாக்கிடாக்கியில் சிக்னல்காரரின் குரல் மட்டும் வரும்: இடது, இன்னும் கொஞ்சம், நிறுத்து. அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டே இரும்புக் கம்பிக் கட்டுகளைக் கண்ணுக்குத் தெரியாத ஆழத்துக்கு இறக்குவார். பார்த்தால் பாதித் தூக்கத்தில் இருப்பவர் மாதிரி இருக்கும். பத்தொன்பது வருஷத்தில் கை ஒரு விரற்கடை பிசகியதில்லை.

அப்படிப்பட்டவருக்குத் தொடையிடுக்கில் அரிப்பு வந்தது.

முதலில் காசளவு சிவப்பு. ரெக்சின் இருக்கை, முரட்டுக் கால்சட்டை, நாள் முழுக்க வியர்வை. உரசல்தான் என்று விட்டுவிட்டார். அது அவரை விடவில்லை. ஓரம் தடித்துச் செதில் செதிலாகவும் நடுப்பகுதி தெளிந்தும், வளையம் வளையமாகப் படர்ந்தது. மேகத்துக்கு நடுவே யார் பார்க்கப்போகிறார்கள் என்று கூண்டுக்குள் சொறிந்துகொள்வார். சொறியச் சொறியச் சுகமாகக் கண் செருகும். அப்புறம் தீப்பட்டதுபோல எரியும்.

யாரிடம் சொல்வது? இடம் அப்படி. மருந்துக்கடையில் மற்றவர்கள் எல்லாம் போகும்வரை இருமல் மிட்டாய்களைப் புரட்டிக்கொண்டிருந்துவிட்டு, தாழ்ந்த குரலில் விஷயத்தைச் சொன்னார். கடைக்காரர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் ஒரு டியூப்பை எடுத்து வைத்தார்.

மூன்றே நாளில் அரிப்பு மாயமானது. பூசுவதை நிறுத்தினால் இரண்டு பங்காகத் திரும்பியது. பூசினால் அடங்கும், நிறுத்தினால் பொங்கும். இரண்டு மாதத்தில் தொடையைத் தாண்டிப் பின்பக்கம் வரை போய்விட்டது. தூக்கத்தில் ஒரு குளம் வரும். அதில் இலைகள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு கரை தெரியாமல் பரவும். விழித்துப் பார்த்தால் கை தொடையில் இருக்கும்.

புழுக்கம் என்று சொல்லிப் படுக்கையை முன்னறைக்கு மாற்றிக்கொண்டார். மழை கொட்டிக் குளிர் நடுக்கும்போதும் அவருக்குப் புழுக்கம்தான். தையல்கூடத்தில் வேலை பார்க்கும் மனைவி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்காதது நிம்மதியாகவும் இருந்தது, நெஞ்சில் முள்ளாகவும் இருந்தது.

ஒருநாள் முற்பகல், கம்பிக் கட்டு பாதி வானத்தில் இருக்கும்போது அரிப்பு உச்சிக்கு ஏறியது. கிரேனின் நெம்புகோலில் இருந்த கை தன்னால் கீழே போனது. ஒரே ஒரு நொடிதான். மேகத்துக்குள் பாரம் ஊஞ்சல்போல ஆடியது.

"அண்ணே, என்னாச்சு? கொக்கி ஆடுது," என்றார் சிக்னல்காரர்.

கீழே நின்றவர்கள் சிதறி ஓடியதால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பாரத்தை நிலைக்குக் கொண்டுவந்து இறக்கிய பிறகு வாக்கிடாக்கியை எடுத்தார். காற்று என்று பொய் சொன்னார். அன்று காற்றே இல்லை.

வீட்டுக்கு வந்ததும் சட்டைகளுக்கு அடியில் ஒளித்துவைத்திருந்த டியூப்பை எடுத்தார். அவர் எதையும் அடியிலிருந்து சுருட்டிச் சுருட்டிப் பிதுக்குகிற ஆள். டியூப்போ நடுவில் நசுங்கியிருந்தது. வீட்டில் பற்பசையை அப்படி நசுக்குவது ஒரே ஒரு ஆள்தான்.

மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"இதை நீ எடுத்தியா?"

"எடுத்தேன்."

"எதுக்கு?"

"நீங்க எதுக்கு வச்சிருக்கீங்களோ அதுக்குத்தான்."

கையிலிருந்த துணியை மறுபடி பிரித்து மறுபடி மடித்தாள். இடுப்பைச் சுற்றிலும் அடிவயிற்றிலும் தனக்கும் வந்து ஒன்றரை மாதமாகிறது என்றாள். டியூப் ஒளித்திருந்ததைத் தற்செயலாகப் பார்த்திருக்கிறாள். பூசினால் அவளுக்கும் அதே கதைதான்.

"என்கிட்டேருந்துதான் உங்களுக்கு ஒட்டிக்கிச்சுன்னு நெனச்சேன். அது தெரிஞ்சுதான் முன்னறைக்குப் போயிட்டீங்கன்னு நெனச்சேன். அதான் வாயைத் திறக்கல."

கிரேன்காரருக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டிருக்கும்போதே கண் கலங்கிவிட்டது. ஒரே துண்டில் துடைத்துக்கொள்கிறவர்கள் இத்தனை நாளாகச் சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சொறிந்துகொண்டு கிடந்திருக்கிறார்கள்.

மறுநாளே தோல் டாக்டரிடம் போனார்கள். டாக்டர் ஒரு இளம்பெண். கிரேன்காரர் வாசலோடு திரும்பப் பார்த்தார், மனைவி சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். டாக்டர் படையைப் பார்த்த கையோடு கிரேன்காரரைப் பாதத்தைக் காட்டச் சொன்னார். விரலிடுக்குகளில் தோல் வெளுத்து ஊறி உரிந்துகொண்டிருந்தது. பூட்ஸ் போடுகிற காலென்றால் அப்படித்தான் இருக்கும் என்று அவர் வருஷக்கணக்காக நினைத்திருந்தார்.

"இங்கேருந்துதான் மேல ஏறியிருக்கு. ஜட்டி போடும்போது கால்ல இருக்கிறதை அதுவே தூக்கிட்டுப் போகும்," என்றார் டாக்டர்.

செதிலைக் கொஞ்சம் சுரண்டிக் கண்ணாடித் துண்டில் வைத்து ஒரு சொட்டு மருந்து விட்டுச் சிறிது நேரம் கழித்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். கிரேன்காரரையும் பார்க்கச் சொன்னார். மங்கிய வெளிச்சத்தில் கண்ணாடி நூல்கள் கிளை கிளையாகப் பிரிந்து எங்கெங்கோ ஓடின. கூண்டிலிருந்து மேகம் விலகும் நேரத்தில் தெருக்கள் இப்படித்தான் தெரியும். அழகாக இருந்தது. அவருக்கே வெட்கமாகப் போயிற்று.

"பூஞ்சைதான். யாருக்கும் வரும். சுத்தமில்லாதவங்கன்னு அர்த்தமில்ல. நீங்க கொண்டுவந்த இந்த டியூப்ல ஸ்டீராய்டு இருக்கு, அரிப்பை அமுக்கிட்டுப் படையை வளத்துவிடும். ரெண்டு பேரும் இன்னையோட இதை விட்டுடுங்க."

ஸ்டீராய்டை விட்டதும் முதல் வாரம் அரிப்பு கூடும், அதற்குப் பயந்து திரும்பிப் போகக்கூடாது என்றும் சொன்னார். ஈரலுக்கு ரத்தப் பரிசோதனை செய்துவிட்டு மாத்திரையும் வேறு களிம்பும் எழுதினார். களிம்பைக் காலுக்கும் சேர்த்து இரண்டு வேளை, படையின் ஓரத்துக்கு வெளியே இரண்டு விரல் அகலம் தாண்டிப் பூச வேண்டும். மறைந்த பிறகும் இரண்டு வாரம் விடக்கூடாது. பாதியில் விடுகிறவர்கள்தான் திரும்பத் திரும்ப வருகிறார்கள்.

முதல் வாரம் நரகம்தான். படுக்கை உள்ளறைக்குத் திரும்பியிருந்ததால் இருவரும் கூரையைப் பார்த்துக்கொண்டு, யார் கை முதலில் கீழே போகிறது என்று ஒருவரையொருவர் காவல் காத்தார்கள். ஆளுக்கொரு துண்டு வந்தது. குளித்ததும் இடுக்கெல்லாம் ஈரம் போக ஒற்றிவிட்டுத்தான் உடை. கிரேன்காரர் தளர்ந்த பருத்தி உள்ளாடைக்கு மாறினார். காலுறையை முதலில் போட்டு மற்றதைப் பிறகு போட்டார். மனைவி துணிகளை வெந்நீரில் அலசி, உலர்ந்ததும் உள்ளாடைகளைக்கூட இஸ்திரி போட்டாள். மத்தியானம் மாற்றிக்கொள்ள ஒரு ஜோடி அவரோடு கூண்டுக்கு ஏறியது.

ஆறு வாரத்தில் சிவப்பு போயிற்று. கறுத்த தழும்பு மிஞ்சியது. அது மெல்லத்தான் போகும் என்றார் டாக்டர்.

வேலையிடத்துக் கொட்டகையில் எல்லாருக்கும் பொதுவாக ஒரே துண்டு தொங்கும். அதை விட்டு இவர் தன் துண்டை எடுத்ததைப் பார்த்த வெல்டர், பெரிய மனுஷன் ஆகிவிட்டீர்களா என்று கிண்டல் செய்தார். சிக்னல்காரரும் சிரித்தார்.

"தொடையிடுக்குல படை வந்திச்சு. ரெண்டு மாசம் தப்பான மருந்து பூசினேன். அன்னிக்கு பாரம் ஆடினது காத்தால இல்ல, அதாலதான்," என்றார் கிரேன்காரர்.

சிரிப்பு நின்றது. சிக்னல்காரர், அன்றைக்கே சொல்லியிருக்கலாமே அண்ணே என்றார். வெல்டர் பொதுத் துண்டைக் கொக்கியிலிருந்து இரண்டு விரலால் எடுத்துக் குப்பைக் கூடையில் போட்டார். பிறகு தயங்கித் தயங்கி அந்த டாக்டரம்மாவின் விலாசத்தைக் கேட்டார். கேட்டது அவர் ஒருவர் மட்டுமல்ல.

அந்த வாரம் முடிவதற்குள் கொட்டகைக்கு வெளியே வெயில் விழும் பக்கமாக யாரோ ஒரு கம்பி கட்டிவிட்டார்கள். அதில் ஆறு துண்டுகள், ஆளுக்கொரு நிறத்தில், இடம் விட்டு விட்டுக் காய்ந்தன.