தெருப்பக்க ஜன்னல்கள்

கட்டட அனுமதி அறையில் அன்று மூன்று பேர்: விண்ணப்பித்த தவமணிதேவி டீச்சர், வரைபடம் கீறிய பாறூக், அதைச் சரிபார்க்கும் உத்தியோகத்தர் ஆறுமுகநாதன்.

எண்பத்து மூன்று கலவரத்தில் எரிந்த வீட்டை அதே இடத்தில் மறுபடி கட்டப் போகிறாள் டீச்சர். தரைப்பரப்பில் ஏழில் ஒரு பங்கு ஜன்னல் வேண்டும் என்பது விதி. பாறூக் அவளைக் கேட்காமலே அத்தனை ஜன்னலையும் பின்பக்கம் வைத்திருந்தார்.

"அன்னைக்குக் கல்லு ரோட்டுலருந்துதானே வந்துச்சு, டீச்சர்."

"வெளிச்சமும் அங்கருந்துதான் வரும். பின்னால மலைதான் இருக்கு."

"இப்படியே விடுங்க, இப்பவே கையெழுத்து வைக்கிறேன்," என்றார் ஆறுமுகநாதன். "மாத்தினா முதல்லருந்து வரிசையில நிக்கணும்."

"நிக்கிறேன்."

கைப்பையிலிருந்து சிவப்புப் பேனையை எடுத்து, பின்பக்க ஜன்னல்களை வெட்டி, தெருப்பக்கம் மூன்று கட்டம் கீறினாள். ஆறுமுகநாதன் அவளுடைய கோப்பை மற்றக் கோப்புகளின் அடியில் செருகினார்.

"நாளைக்கு எத்தனை மணிக்குத் திறப்பீங்க?" என்று கேட்டுவிட்டு வெளியே வந்தாள். அவள் பின்னால் கதவைச் சாத்திப் பூட்டினார்கள்.